ஸ்போர்ட்ஸ் காருக்கு சைலன்சர்: பட்டறைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

சைலன்சரை மாற்றிய வண்டிகளுக்கு அபராதம் என்று செய்தி வரும்போதெல்லாம் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் கார் வேலையில் ஈடுபாடு உள்ளவர்களிடம் அதே கேள்விகள் எழுகின்றன. ‘ஃப்ரீ ஃப்ளோ’ போட்டால் உண்மையிலேயே பவர் கூடுமா? சத்தம் ஏறாமல் பவர் மட்டும் கிடைக்குமா? நாமே சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) கட்டி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தால் அதற்கு எந்த சைலன்சர் பொருந்தும்?

கடைசிக் கேள்வி இந்தப் பக்கத்தில் வெறும் கனவு இல்லை. ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட் ஆலைகள் இருக்கின்றன. சிப்காட்டைச் சுற்றி குழாய் வளைக்க, லேசரில் தகடு வெட்ட, ஆர்கான் வெல்டிங் அடிக்கத் தெரிந்த சிறு யூனிட்டுகள் ஏராளம். சேசிஸ் கட்டும் கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் சைலன்சர் என்று வரும்போது பெரும்பாலான கட்டுமானங்களில் ஒரே தவறு நடக்கிறது. வண்டி முழுதாக முடிந்த பிறகு, மிச்சமிருக்கும் இடுக்கில் எது நுழையுமோ அதை வாங்கி மாட்டுகிறார்கள். சத்தத்தை அடக்குவதற்கு நீளமும் பருமனும் வேண்டும். அந்த இடத்தை சேசிஸ் வரையும்போதே ஒதுக்காவிட்டால் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த சைலன்சர் வாங்கினாலும் பயன் குறைவு. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு, அதை முதலில் தீர்த்துவிடலாம். பெர்ஃபாமன்ஸ் உதிரிபாகப் பட்டியல்களில் ‘மஃப்ளர்’ என்று போட்டிருப்பதும் நாம் ‘சைலன்சர்’ என்று சொல்வதும் ஒன்றுதான். ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்பது தனி வகை இல்லை. புகை தடையின்றிப் போகும் என்று கடைக்காரர் சொல்லும் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை வைத்துவிடுகிறார்கள்.

1. குழாய்க்குள் ஓடுவது இரண்டு

எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் இன்னும் அதிகமாகவே இருக்கும். திறந்த நொடியில் இரண்டு விஷயங்கள் குழாய்க்குள் கிளம்புகின்றன. ஒன்று, எரிந்த வாயு. இன்னொன்று, அந்த வெடிப்பால் உண்டான அழுத்த அலை. அதாவது சத்தம்.

திருவிழாக் கூட்டத்தில் பின்னால் ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளல் கண்மூடித் திறப்பதற்குள் முன்வரிசைக்குப் போய்விடும். தள்ளியவர் நின்ற இடத்திலேயே இருப்பார். வாயுவும் அலையும் அப்படித்தான். நன்றாக அளவெடுத்த குழாயில் முழு வேகத்தில் வாயு நொடிக்கு 100 மீட்டர் அளவில் நகரும். அலை ஒலியின் வேகத்தில் ஓடும். சூடான வாயுவில் ஒலி வேகமாகச் செல்லும் என்பதால் 300 டிகிரி செல்சியஸில் அது நொடிக்குச் சுமார் 480 மீட்டர், 500 டிகிரியில் சுமார் 557 மீட்டர்.

நல்ல சைலன்சரின் வேலை, வாயுவைத் தடுக்காமல் விட்டு அலையை மட்டும் அடக்குவது. இரண்டும் வேறு வேறு என்பதால்தான் அது சாத்தியமாகிறது. சத்தம் கூடினால் பவர் கூடியதாக நினைப்பது, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வரும் பிழை.

2. உங்கள் எஞ்சின் எந்தச் சுருதியில் கத்துகிறது?

சைலன்சர் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிராண்டு அல்ல, அதிர்வெண். அதாவது சத்தத்தின் சுருதி, நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது. அதன் அலகு ஹெர்ட்ஸ். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிகிறது. அதனால் கணக்கு எளிது:

1. நான்கு சிலிண்டர்: ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 30 ஆல் வகுக்க வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் 100 ஹெர்ட்ஸ், 6000-ல் 200 ஹெர்ட்ஸ்.
2. மூன்று சிலிண்டர்: 40 ஆல் வகுக்க வேண்டும். 3000 ஆர்பிஎம்மில் 75 ஹெர்ட்ஸ்.
3. ஒற்றை சிலிண்டர்: 120 ஆல் வகுக்க வேண்டும். 6000 ஆர்பிஎம்மில்கூட வெறும் 50 ஹெர்ட்ஸ்தான்.

இது அடிப்படைச் சுருதி. இதன் மேல் இரட்டிப்பு, மும்மடங்கு என்று பல மேல்சுருதிகள் சேர்ந்து வரும். அடிச்சுருதிதான் காருக்குள் காதை அடைக்கும் ‘உம்ம்’ என்ற முழக்கம். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது அரைமணி நேரத்தில் தலைவலியைக் கொண்டுவருவது அதுதான். மேல்சுருதிகள்தான் கிழிந்த தகடுபோல் கேட்கும் கரகரப்பு.

இந்த இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது. அடுத்த பகுதி முழுக்க அதைப் பற்றியதுதான்.

நம் ஊரில் கிடைக்கும் எஞ்சின்களை வைத்துப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். விலை குறைவாகக் கிடைக்கும் மாருதியின் 998 சிசி கே10 மூன்று சிலிண்டர். 1197 சிசி கே12 நான்கு சிலிண்டர். பழைய ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சினும் நான்கு சிலிண்டர். மூன்று சிலிண்டர் எஞ்சினின் முழக்கம் அதே ஆர்பிஎம்மில் இன்னும் கீழ்ச்சுருதியில் இருக்கும். கீழே போகப் போக அடக்குவது கடினம், பெரிய சைலன்சர் வேண்டும். எஞ்சின் சின்னது, அதனால் சைலன்சரும் சின்னதாகப் போதும் என்ற எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது.

3. சத்தத்தை அடக்க மூன்று வழிகள்

*பஞ்சு வகை*

நேராகப் போகும் துளையிட்ட குழாய், அதைச் சுற்றி கண்ணாடிப் பஞ்சு, வெளியே உறை. மறுமுனையிலிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும். வாயுவுக்குத் தடை மிகக் குறைவு. அலை துளைகள் வழியே பஞ்சுக்குள் புகுந்து உராய்வில் வெப்பமாகிக் கரைகிறது. கடைகளில் ‘ஸ்ட்ரெய்ட் த்ரூ’ என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

கரகரப்பை இது அழகாக அடக்கும். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சூடான வாயுவில் கிட்டத்தட்ட 5 மீட்டர். இரண்டு விரல்கடைப் பஞ்சு அதற்குத் தூசு மாதிரி. பஞ்சு சைலன்சர் மட்டும் போட்ட கார் வெளியே இனிமையாகவும் உள்ளே முழக்கமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பழைய பஞ்சு சைலன்சர் ஒன்றைக் கிரைண்டரால் நெடுக அறுத்துப் பார்த்தால் இன்னொரு பாடமும் கிடைக்கும். எஞ்சின் பக்கத்து முனையில் பஞ்சே இருக்காது. துளைகள் வழியே அடித்த சூடான வாயு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து வெளியே தள்ளியிருக்கும். மீதிப் பஞ்சு கருகி, மறுமுனையில் கட்டியாக ஒட்டிக் கிடக்கும். புதிதில் நன்றாக இருந்த சைலன்சர் போகப் போகக் கத்த ஆரம்பிப்பது இதனால்தான். வாங்கும்போது இரண்டைக் கேளுங்கள். துளைக் குழாயை ஒட்டி முதல் சுற்றாக ஸ்டீல் கம்பளி சுற்றியிருக்கிறதா? மூடி வெல்டு செய்ததா, ரிவெட் அடித்ததா? ரிவெட் அடித்ததென்றால் பிறகு கழற்றிப் பஞ்சை மாற்றலாம்.

*அறை வகை*

கம்பெனிக் கார்களில் வருவது பெரும்பாலும் இந்த வகை. குறுகிய குழாயிலிருந்து அலை திடீரென்று பெரிய அறைக்குள் விரியும்போது அதன் ஒரு பகுதி திரும்பி எதிரொலிக்கிறது. திரும்பும் அலையும் வரும் அலையும் மோதி ஒன்றையொன்று அழிக்கின்றன. பஞ்சு இல்லை, தகடு அரிக்கும்வரை உழைக்கும்.

இதில் இரண்டு அளவுகள் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. முதலாவது, அறையின் குறுக்குப் பரப்பு குழாயின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு என்பது. 42 மில்லிமீட்டர் குழாய், 126 மில்லிமீட்டர் அறை என்றால் விட்டம் மூன்று மடங்கு, பரப்பு ஒன்பது மடங்கு. எளிய ஒற்றை அறைக்கான ஒலியியல் சூத்திரப்படி அதிகபட்சமாக 13 டெசிபல் குறையும். அதே அறையில் 60 மில்லிமீட்டர் குழாயை நுழைத்தால் அதிகபட்சம் 7 டெசிபல்தான்.

இரண்டாவது, நீளம். அந்த அதிகபட்சக் குறைப்பு எல்லாச் சுருதியிலும் கிடைக்காது. அலைநீளத்தில் கால் பங்கு அறையின் நீளத்துக்குச் சமமாகும் சுருதியில்தான் முழுதாகக் கிடைக்கும். 40 சென்டிமீட்டர் அறை, 300 டிகிரி வாயு என்றால் அந்தச் சுருதி 300 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் எஞ்சினில் அது 9000 ஆர்பிஎம்! நமக்குத் தேவையான 100 ஹெர்ட்ஸில் அதே அறை 8 டெசிபலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் அடக்கும். மூன்று சிலிண்டரின் 75 ஹெர்ட்ஸில் 6 டெசிபல்கூட எட்டாது. 600 ஹெர்ட்ஸில் பூஜ்யம். அந்தச் சுருதி தடையே இல்லாமல் வெளியேறும். கம்பெனி சைலன்சருக்குள் இரண்டு மூன்று அறைகளும் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்களும் இருப்பது வீண் அலங்காரம் இல்லை. ஒரு அறை விட்டதை இன்னொரு அறை பிடிக்கத்தான்.

*கிளைக்குழாய்*

எக்ஸாஸ்ட் குழாயில் பக்கவாட்டில் ஒரு குழாயை வெல்டு செய்து அதன் மறுமுனையை அடைத்துவிடுவது. வாயு அதற்குள் ஓடாது, அதனால் பவர் இழப்பும் கிட்டத்தட்ட இல்லை. அலை மட்டும் உள்ளே போய் அடைப்பில் மோதித் திரும்பும். நீளம் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தால், திரும்பி வரும் அலை முதன்மைக் குழாயின் அலைக்கு நேரெதிராக இருக்கும். அந்தச் சுருதி அங்கேயே அடங்கிவிடும்.

90 ஹெர்ட்ஸ் முழக்கத்தை அடக்க வேண்டும் என்று வையுங்கள். கிளைக்குழாயில் ஓட்டம் இல்லாததால் சூடு குறைவு. 250 டிகிரி என்று கொண்டால் ஒலியின் வேகம் சுமார் 459 மீட்டர். கால் பங்கு அலைநீளம் வேண்டும் என்பதால் அதை 90-ன் நான்கு மடங்கான 360 ஆல் வகுத்தால் 1.27 மீட்டர். வளைத்து சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோகலாம், நேராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்று சிலிண்டரின் 75 ஹெர்ட்ஸுக்கு 1.53 மீட்டர் வேண்டும்.

இவ்வளவு நீளத்துக்கு இடமில்லை என்றால் குடம் போன்ற அமைப்பு உதவும். காலிக் குடத்தின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் அல்லவா, அதே தத்துவம். குறுகிய கழுத்து, பின்னால் மூடிய பாத்திரம். நீளம் குறையும், பருமன் கூடும்.

கிளைக்குழாயும் குடமும் ஒரு குறிப்பிட்ட சுருதியைச் சுற்றித்தான் வேலை செய்யும். அதனால் இவை சைலன்சருக்கு மாற்று இல்லை. பஞ்சு சைலன்சரோடு சேர்த்துப் போடும் துணை. என் கருத்தில், தனியாகக் கட்டும் இலகுவான ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுவே சிறந்த கூட்டணி. கரகரப்புக்கு நீளமான ஒரு பஞ்சு சைலன்சர், முழக்கத்துக்கு ஒரு கிளைக்குழாய்.

4. குழாய் விட்டம்: பெரிதாகப் போட்டால் இருமுனை நஷ்டம்

இங்கே எதிரெதிரான இரண்டு நம்பிக்கைகள் உலவுகின்றன. ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்’ என்பது ஒன்று. பேக் பிரஷர் என்றால் வாயு வெளியேறுவதை எதிர்த்து நிற்கும் பின்னழுத்தம். ‘குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பவர்’ என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு.

எந்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் பின்னழுத்தம் நன்மை செய்வதில்லை. பிஸ்டன் எரிந்த வாயுவை வெளியே தள்ளச் செலவிடும் உழைப்பைத்தான் அது கூட்டுகிறது. எஞ்சினுக்கு வேண்டியது வாயுவின் ஓட்ட வேகம். வேகமாகப் போகும் வாயு தன் பின்னால் லேசான வெற்றிடத்தை விட்டுச் செல்லும், அது அடுத்த சுற்றில் சிலிண்டரைக் காலி செய்ய உதவும். மிகப் பெரிய குழாய் போட்டவர்கள் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விட்டது என்று சொல்வது உண்மைதான். அங்கே குறைந்தது பின்னழுத்தம் அல்ல, வேகம்.

ஒரு கணக்கு போடலாம். ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின், 6000 ஆர்பிஎம், சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று கொள்வோம். நொடிக்குச் சுமார் 55 லிட்டர் காற்று உள்ளே போகிறது. 500 டிகிரியில் அது விரிந்து சுமார் 140 லிட்டராக வெளியேறும். உள்விட்டம் 42 மில்லிமீட்டர் குழாயில் அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டர் அளவில் இருக்கும். ஒலியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, தாராளமாகப் போதும். 60 மில்லிமீட்டர் குழாயில் அது 50 மீட்டராகச் சரியும்.

தோராயமாக நினைவில் வைக்க: 100 குதிரைசக்திக்கு உள்விட்டம் 40 மில்லிமீட்டர், 150-க்கு 48, 200-க்கு 56, 300-க்கு 69. ஜிப்ஸி எஞ்சின் கம்பெனியில் தந்தது 80 குதிரைசக்தி. கொஞ்சம் ட்யூன் செய்தாலும் 42 போதும். ஆனால் பட்டறைகளில் இதே எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் போடுவது சர்வ சாதாரணம்.

பெரிய குழாயின் இரண்டாவது நஷ்டம் மேலே வந்த 13, 7 டெசிபல் கணக்கில் ஒளிந்திருக்கிறது. குழாய் பெரிதானால் அதே சைலன்சரின் அடக்கும் திறன் பாதியாகிவிடும். பஞ்சு வகையிலும் அப்படியே. குழாயின் நடுவே போகும் ஒலி ஓரத்திலுள்ள பஞ்சைத் தொடாமலே போய்விடும். ஆக, தேவைக்கு மேல் பெரிய குழாய் இழுவையையும் குறைக்கும், சத்தத்தையும் கூட்டும். சத்தம் கூடியதைக் கேட்டு பவர் கூடியது என்று நினைத்துக்கொள்கிறோம்.

சரி, சைலன்சர் தடையாக இருக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அளந்துவிடலாம். சைலன்சருக்குச் சற்று முன்னால், ஆக்சிஜன் சென்சார் பொருத்தும் அதே மரை கொண்ட புஷ் ஒன்றை வெல்டு செய்து, நீளமான செம்புக் குழாய் வழியே ஒரு பிரஷர் கேஜை இணையுங்கள். சூடு கேஜை எட்டாமல் இருக்கத்தான் அந்த நீளம். முழு ஆக்ஸிலரேட்டரில், மேல் ஆர்பிஎம்மில் 0.1 பாருக்குக் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே காட்டினால் அந்த சைலன்சரை மாற்றிப் பெறுவதற்கு ஒன்றும் இல்லை. 0.3 பாரைத் தாண்டினால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. டர்போ இல்லாத சின்ன எஞ்சினில் அப்போதும் கிடைப்பது சில குதிரைசக்தி, அதுவும் மேல் ஆர்பிஎம்மில்.

டர்போ எஞ்சின் கதை வேறு. வெளியேறும் வாயுவால் சுழலும் அதன் டர்பைனே அலையை நன்றாக நசுக்கிவிடும், அதனால் சத்தப் பிரச்சினை குறைவு. டர்பைனுக்குப் பின்னால் உள்ள தடையோ அதன் வேலையை நேரடியாகப் பாதிக்கும். அங்கே பெரிய குழாயும் நேர் சைலன்சரும் நியாயமான தேர்வு.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றச் சொல்பவர்களும் உண்டு. அது நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் பாகம், சத்தத்தையும் ஓரளவு குறைக்கிறது. கழற்றாதீர்கள். அதற்குப் பின்னால் சென்சார் உள்ள வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும். சாலையில் ஓடும் வண்டியில் அது சட்டமீறலும்கூட.

5. தகடு, வளைவு, தொங்கல்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளியேறுகிறது. சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடும் குறுகிய ஓட்டங்களில் அந்த நீராவி சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும். வருடத்தில் சில நாள் மட்டும் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது தினசரிக் காரைவிடப் பெரிய எதிரி. உறையின் தாழ்ந்த முனையில் ஒரு சின்ன வடிகால் துளை இருப்பது நல்லது.

சாதா இரும்பு மலிவு, சீக்கிரம் துருப்பிடிக்கும். 409 ரக ஸ்டெயின்லெஸ் நடுத்தரம், மேலே துருநிறம் படிந்தாலும் ஓட்டை விழ நாளாகும். 304 ரகம் சிறந்தது, விலையும் அதிகம். கடையில் 304 என்று சொல்லி 409 தருவதைக் கண்டுபிடிக்கக் காந்தம் ஒன்று போதும். 409-ல் நன்றாக ஒட்டும், 304-ல் ஒட்டாது. வளைத்த, வெல்டு செய்த இடங்களில் மட்டும் 304-லும் லேசாகப் பிடிக்கலாம் என்பதால் நேரான பகுதியில் வைத்துப் பாருங்கள்.

வளைவுகளில் மேண்ட்ரல் பெண்டு கேளுங்கள். குழாய்க்குள் அச்சு வைத்து வளைப்பதால் விட்டம் நசுங்காது. சாதாரணமாக அழுத்தி வளைத்தால் உட்பக்கம் மடிப்பு விழுந்து வழி குறுகிவிடும். 42 மில்லிமீட்டர் கணக்குப் போட்டு வாங்கிய குழாய் வளைவில் 35 ஆக இருந்தால் கணக்கெல்லாம் வீண்.

அப்புறம் தொங்கல். 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் நன்றாக நீளும். இரண்டு மீட்டர் குழாய் 400 டிகிரி சூடேறினால் சுமார் 13 மில்லிமீட்டர் நீளும், கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் அகலம். இரு முனைகளையும் சேசிஸோடு இறுக்கி வெல்டு செய்தால் அந்த நீட்சிக்குப் போக்கிடம் இல்லை. மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் பாகம்) விரிசல் விடும், அல்லது வெல்டிங் பிளக்கும். ஒரு முனை எஞ்சினோடு, நடுவில் வளைந்துகொடுக்கும் ஒரு ஃப்ளெக்ஸ் குழாய், மற்ற இடமெல்லாம் ரப்பர் தொங்கல். இதில் சிக்கனம் வேண்டாம்.

இணைப்புகளில் கசிவு இருந்தால் தொப்பூர் கணவாய் மாதிரி நீண்ட இறக்கங்களில் உடனே தெரியும். ஆக்ஸிலரேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது அந்தக் கசிவு வழியே காற்று உள்ளே போய், எரியாமல் மிஞ்சிய பெட்ரோலோடு சேர்ந்து ‘பட் பட்’ என்று வெடிக்கும். அதை ஸ்போர்ட்ஸ் கார் லட்சணம் என்று விட்டுவிடக் கூடாது. கசிவு ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் எஞ்சினின் பெட்ரோல் கணக்கே தவறிப் போகும்.

6. இடம் ஒதுக்குவது

மேலே சொன்னதெல்லாம் சேர்ந்து கேட்பது இடம். 80 முதல் 100 குதிரைசக்தி காருக்கு நான் ஒதுக்கச் சொல்வது இவை:

1. பஞ்சு சைலன்சருக்கு 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம், 13 சென்டிமீட்டர் விட்டம்.
2. கிளைக்குழாய் ஓட சேசிஸ் ஓரத்தில் ஒன்றரை மீட்டர்.
3. இவற்றுக்கும் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ஒயரிங் ஆகியவற்றுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளியும் வெப்பத் தடுப்புத் தகடும்.

இலகுவான இரு இருக்கைக் கார்களில் சைலன்சரைப் பக்கவாட்டில் வெளியே பொருத்துவது வழக்கம். நீளத்துக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் இறங்கும்போது கெண்டைக்கால் படும் உயரத்தில்தான் அது இருக்கும். துளையிட்ட காப்புத் தகடு இல்லாமல் அந்த அமைப்பைச் செய்யவே கூடாது. அடியில் பொருத்தினால் வேகத்தடையில் இடிக்கும். அப்போது உருண்டையை விட்டுவிட்டு நீள்வட்ட உறையைப் பாருங்கள்.

7. டெசிபலும் சட்டமும்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 120-வது விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்பது இருக்கை வரையுள்ள பயணிகள் கார்களுக்குத் தயாரிப்பு நிலையில் உள்ள வரம்பு 74 டெசிபல் ஏ (காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவு). வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து முழு ஆக்ஸிலரேட்டரில் கடந்துபோகும்போது ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் எடுக்கும் அளவு அது. டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. 3 கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பு, 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190-வது பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடம் வைத்தது. ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தகுதியிழக்கும்.

சொந்தமாகக் கட்டிய காருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். புது மாதிரி வாகனம் எதுவானாலும் 126-வது விதிப்படி அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் தேறியாக வேண்டும். ஒரே ஒரு காருக்காகத் தனி ஆள் அதைச் செய்து முடிப்பது மிகக் கடினம். அதனால் இத்தகைய கார்களின் நியாயமான இடம் பந்தயத் தடம்தான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடம் ஆகியவை நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. அங்கேயும் டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மாணவர் அணிகள் தாமே கட்டிய பந்தயக் கார்களோடு மோதும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியின் விதிகளில் சத்தம் டெசிபல் சி அளவில் எடுக்கப்படுகிறது. ஐடிலில் 103, அதற்கு மேல் 110 வரம்பு. சாலை வண்டிகளுக்கான ஏ அளவு கீழ்ச்சுருதிகளைப் பெரிதும் தள்ளுபடி செய்யும், 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் வரை. சி அளவு கிட்டத்தட்ட ஒன்றும் தள்ளாது. பல அணிகள் பயன்படுத்தும் கேடிஎம் 390-ன் 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 60 மில்லிமீட்டர். விதியின் பிஸ்டன் வேகக் கணக்குப்படி சோதனை 7620 ஆர்பிஎம்மில் வரும், எரியும் சுருதி 63.5 ஹெர்ட்ஸ். வெறும் பஞ்சு சைலன்சரோடு போகும் அணிகள் இந்தச் சோதனையில் திணறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அவர்களுக்கு அறையோ குடமோ கட்டாயம் வேண்டும். கிளைக்குழாய் என்றால் 1.8 மீட்டர், அந்தச் சின்ன வண்டியில் அதற்கு இடம் ஏது? போனில் உள்ள டெசிபல் ஆப்பில் ஏ அளவைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

8. நீளம் பிடிப்பது

கிளைக்குழாயின் நீளத்தைக் காகிதத்தில் போட்டதோடு விட முடியாது. உள்ளே உண்மையான சூடு எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும், சூடு மாறினால் ஒலியின் வேகமும் மாறும். அதனால் கணக்கில் வந்ததைவிட 15 சென்டிமீட்டர் நீளமாக வெட்டுங்கள். முனையை வெல்டு செய்து மூடாமல், உள்ளே நகரக்கூடிய ஒரு வட்டத் தகட்டை நீண்ட மரைக் கம்பியில் பொருத்தி, பிஸ்டன் மாதிரி முன்னும் பின்னும் தள்ளும்படி செய்யுங்கள். லேத்துப் பட்டறையில் அரைநாள் வேலை.

வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முழக்கம் முழுதாக வராது. சுமையோடு ஓடும்போதுதான் வரும். தடத்தில் பத்து நிமிடமாவது ஓட்டி எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேறிய பிறகு, முழக்கம் அதிகமாக இருக்கும் ஆர்பிஎம்மில் மேல் கியரில் பிடித்து ஓட்டுங்கள். திரும்பி வந்து தகட்டை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து முறைக்குள் ஓர் இடத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடியும். அந்த இடத்தில் குழாய் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஆறிய பிறகு அறுத்து மூடியை வெல்டு செய்யுங்கள்.